பலவேசம் தலைமேடும் பண்ணையார் மறுமுட்டும்

மண்டை என்பது எண்ணெய் தேய்க்கவும், சும்மாடு வைத்துச் சுமை ஏற்றவும், வேலை ஓய்ந்த பொழுதில் ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து பேன் பார்க்கவும் ஏற்பட்டது என்றுதான் டாக்டர் சபேசன் வருகிற வரைக்கும் கள்ளிப்பொத்தை ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளே திருட்டு குடியிருக்கிறது என்றும், அது காதுக்குப் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும் என்றும், விரலால் தடவினால் சர்க்காருக்குத் தெரிந்துபோகும் என்றும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காரணம் சொல்லாமலேயே அவர்களைத் திருடர்கள் என்று சட்டம் எழுதி வைத்திருந்தது. பொழுது சாய்ந்தால் ஆம்பளைகள் எல்லாரும் சாவடிக்குப் போய், கட்டைவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்துவிட்டு, போலீஸ்காரன் கண்முன்னால் வரிசையாகப் படுத்துத் தூங்க வேண்டும். அப்படிப் படுத்துக் கிடந்தவனே எழுந்துபோய் மூன்று ஊர் தாண்டிக் கன்னம் வைத்தான் என்றும் வழக்கு எழுதுவார்கள். அதெப்படி என்று கேட்டால், அதுதான் பிறவிக் குணம் என்பார்கள். பிறவிக் குணம் என்பது எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதற்கு மட்டும் பதில் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் விஞ்ஞானம் வில்வண்டி ஏறி, குடை பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது.

டாக்டர் சபேசன் ஒல்லியானவர், சுத்தமானவர், பொய் பேசத் தெரியாதவர். பொய்யர்களிடம் தப்பித்துவிடலாம், தான் சொல்வதை மனசார நம்புகிறவனிடம் அகப்பட்டால்தான் ஏழைக்கு மீட்சி கிடையாது. அவர் கையில் எஃகினால் செய்த, இரண்டு கொடுக்குகள் உள்ள ஒரு கருவி இருந்தது. கொடுக்கை விரித்து மண்டையைக் கவ்வினால் நீளமும் அகலமும் சொல்லும். ஜனங்கள் அதற்கு நண்டு என்று பேர் வைத்தார்கள். சாவடி வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்து, நண்டைத் தூக்கிக் காட்டி, டாக்டர் பேசினார்: கடல் கடந்த ஒரு தேசத்தில் ஒரு பெரிய வைத்தியர், செத்துப்போன கொள்ளைக்காரன் ஒருவன் மண்டையைத் திறந்து பார்த்தாராம், உள்ளே, குரங்குக்கு இருக்கிற மாதிரி ஒரு குழி இருந்ததாம், அன்றைக்கே உலகத்தில் உள்ள குற்றத்துக்கெல்லாம் மூலம் வெளிப்பட்டுவிட்டதாம். திருடன் என்பவன் குரங்கிலிருந்து மனிதனாக வருகிற வழியில் பாதியில் உட்கார்ந்துவிட்டவன். அவனுக்குக் காது துருத்தும், தாடை நீளும், புருவம் இரண்டும் கூடும், காதுக்குப் பின்னால் ஒரு மேடு எழும்பும்.

ஜனங்கள் ஒருத்தர் காதை ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் நடுவில் உப்புக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த வெயிலுகந்தாள் மட்டும் டாக்டரின் காதைப் பார்த்தாள்.

வெயிலுகந்தாள் உப்பு விற்கிறவள். உப்பளத்திலிருந்து தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூவிப் போகிறவள். பொம்பளைகளுக்கு ரேகை கிடையாது என்பதால் சட்டத்தின் கண்ணிலே ஓட்டை விழுந்திருந்த இடத்தில் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். கடைவீதிக் கூட்டங்களில் கூட்டத்துக்கு வெளியே நின்று பேச்சுக் கேட்பாள். கூட்டம் கலைந்ததும் தரையில் கிடக்கிற துண்டு நோட்டீசுகளைப் பொறுக்கிவந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படித்து முடித்த நோட்டீசில் உப்பு மடித்துக் கொடுப்பாள். அதனால் சுற்றுவட்டாரத்தில் பல அடுப்படிகளுக்கு உப்போடு சேர்ந்து உரிமையும் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டரய்யா," என்றாள். "எங்க மண்டையை அளக்கப் போறீரு, சரி. புரத்து மண்டையை அளந்தீரா?"

புரம் என்றால் நல்லபெருமாள்புரம். கோயிலும் சர்க்கார் கச்சேரியும் பண்ணையார் வீடும் இருக்கிற ஊர்.

"அவங்க குற்றவாளிகள் இல்லையே அம்மா. குற்றவாளிகளைத்தானே அளக்கணும்?"

"அளத்துத் தண்ணியை மட்டும் நாக்குல வச்சுப் பாத்துட்டு, உலகத்துல உப்பு இங்கதான் இருக்குன்னா எப்படி? ஆத்துத் தண்ணியையும் ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாக்க வேண்டாமா?"

டாக்டர் பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் திரும்பி, "குறுக்கே பேசுவதும் ஓர் அடையாளம், எழுதிக்கொள்ளும்," என்றார்.

நண்டு ஒவ்வொரு தலையாகக் கவ்விக்கொண்டு வந்தது. அடுத்தவர் வீட்டுக் கோழி பிடிப்பதில் அந்தப் பிரதேசத்திலேயே பேர் போன சங்கிலியின் தலை, முட்டை மாதிரி வழவழவென்று இருந்ததைக் கண்டு டாக்டர் அவனை மெச்சிக்கொண்டார். அப்புறம் வெயிலுகந்தாளின் புருஷன் பலவேசம் வந்து உட்கார்ந்தான். அவனுடைய இடது காதுக்குப் பின்னால், நெல்லிக்காய் அளவில், பிறந்த நாளிலிருந்து ஒரு மேடு உண்டு. விரல் அதில் பட்டதும் டாக்டரின் முகம் கோபுர விளக்கு மாதிரி ஆகிவிட்டது. பலவேசம் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏன் சிரிக்கிறான்?"

"பயந்தா சிரிப்பாரு," என்றாள் வெயிலுகந்தாள். "பொறந்ததுலேருந்து அப்படித்தான்."

அது உண்மை. பலவேசம் வாழ்நாளில் திருடப் போனது ஒரே ஒரு தடவை. இளவட்டமாக இருந்தபோது வெள்ளரித் தோட்டத்தில் இறங்கி, பயத்தில் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பில் தோட்டக்காரர் முழித்துக்கொண்டு, அவருக்கும் சிரிப்புத் தொற்றி, ஆளுக்குப் பாதி வெள்ளரிக்காய் தின்றுவிட்டுப் பிரிந்தார்கள். இப்படிப்பட்டவன் எந்தக் காலத்தில் கன்னம் வைக்க முடியும்? டாக்டர் குமாஸ்தாவிடம், "மனச்சாட்சி கிடையாது," என்று எழுதச் சொன்னார். மேட்டுக்குத் திருட்டு மேடு என்று பேர் எழுதினார். அடுத்த சந்தைக்கு சப் கலெக்டர் துரை வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் பலவேசத்தை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற செட்டில்மெண்டுக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவாயிற்று. செட்டில்மெண்டு என்றால் முள்வேலி. அதற்குள் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. வெயிலுகந்தாள் பலவேசத்தைத் தானே பார்த்து, தானே பிடித்து, தானே கட்டிக்கொண்டவள். ஊரெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் அவன் சிரிப்பைக் கேட்டுத்தான் அவளுக்கு மேலெல்லாம் குளிரும். அவனை முள்வேலிக்குக் கொடுப்பதாக அவள் இல்லை.

மறுநாள் காலையில் கஞ்சிச்சட்டியை இறக்க அவள் குனிந்த நேரத்தில் அவனும் குனிய, இரண்டு தலையும் டொக்கென்று முட்டிக்கொண்டன. முட்டியதும் மேடு அவன் தலையை விட்டு இறங்கி அவள் தலைக்கு வந்துவிட்டது.

அவள் கொண்டையை விலக்கித் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக, கோழிக்குஞ்சு மாதிரி லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. "உங்க மேடு எங்கிட்ட வந்துட்டு, மச்சான்," என்றாள். அவன் காதுக்குப் பின்னால் தடவி, "ஆமா, இங்க இல்ல," என்றான். கஞ்சி ஆறுகிறதே என்பதுதான் இருவருக்கும் கவலையாக இருந்தது. ஆனால் தலையோடு தலை ஒரு தடவை முட்டினால் இன்னொரு தடவையும் முட்டிவிட வேண்டும், ஒரு முட்டோடு விட்டால் கொம்பு முளைக்கும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாகையால், இருவரும் வழக்கம்போலக் குனிந்து மறுமுட்டுப் போட்டுக்கொண்டார்கள். மேடு பலவேசத்திடமே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் கஞ்சி குடித்தார்கள்.

அன்றைக்கே செய்தி தெரு முழுக்கப் பரவி, மேட்டைப் பார்க்க வந்தவர்கள் முட்டிப் பார்த்து, முட்டிப் பார்த்தவர்கள் ஒரு பொழுது வைத்திருந்து தருகிறோம் என்று கேட்டு, காலையில் ஒரு முட்டு முட்டி வாங்கிக்கொண்டு போவதும், சாவடிக்கு நேரமாகுமுன் மறுமுட்டு முட்டித் திருப்பிக் கொடுப்பதுமாக, மேடு கள்ளிப்பொத்தையில் வீடு வீடாக விருந்துக்குப் போக ஆரம்பித்தது. வந்த வீட்டில் அதற்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். விளக்கெண்ணெய் என்றால் அது முகம் சுளிக்கிற மாதிரி சுருங்கியது. தாலாட்டினால் உப்பியது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது என்று சம்பந்திகள் சண்டை போட்டார்கள். மருத்துவச்சி மூக்கம்மாள் தலையில் அது இருந்த பொழுதில் அவள் ஒரு பிரசவம் பார்த்தாள். பிள்ளை பத்திரமாக அதன் தாயிடமே இருந்தது. பூசாரி தலையில் இருந்தபோது உண்டியலில் கிடந்தது உண்டியலிலேயே கிடந்தது.

சங்கிலி தலைக்கு அது போனபோதுதான் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. சங்கிலி அன்றைக்கும் ஒரு கோழி பிடித்தான். மேட்டைத் திருப்பிக் கொடுத்த மறுநாளும் ஒரு கோழி பிடித்தான்.

"அது இருந்தப்ப ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதாலே?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"படுத்தா அந்தப் பக்கமா ஒருச்சாச்சுப் படுக்க முடியலத்தா," என்றான் சங்கிலி. "மத்தபடி கோழிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கோழிக்கும் பசிக்கும்தான் சம்பந்தம்."

ஒரு தடவை செங்கிடா ஒன்று பூசாரியை முட்டி மேட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஏற்கெனவே கொம்பு முளைத்த ஜீவனாகையால் மறுமுட்டைப் பற்றி அது கவலைப்படவில்லை. ஊரே துரத்திப் பிடித்து, பூசாரியின் தலையைக் கிடாவின் தலையோடு வைத்து அழுத்தித்தான் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. கிடா அன்றைக்குத் தன் வரப்பில் உள்ள புல்லை மட்டுமே மேய்ந்திருந்தது. கிடாவுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்த ஒரே மேடு இதுதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பெல்லாம் அடங்கி, பலவேசம் சாவடிக்குப் புறப்படுகிற நேரத்தில், சந்தை நாள் கிட்ட வருகிறது என்பது எல்லாருக்கும் நினைவு வரும்.

"ஒரு முட்டோட எங்கிட்டயே விட்டுருங்க. நான் போறேன் மலைக்கு," என்றான் சங்கிலி.

"நீ போனா உனக்காக யாரு அழுவா? கோழிதான் சந்தோஷப்படும்," என்றாள் வெயிலுகந்தாள். "நம்மள்ல ஒருத்தரு போறதுக்கு இன்னொருத்தரு போறது கணக்காகாது. அதோட நீயும் மறுமுட்டுப் போடாம கொம்போட அலையணும்."

சந்தைக்கு முந்தின நாள் பண்ணையார் திருமலைக்கொழுந்து, துரையை வரவேற்க ஏற்பாடு நடக்கிறதா என்று பார்க்கச் சாவடிக்கு வந்தார். கள்ளிப்பொத்தையைச் சுற்றி இருக்கிற நிலம் எல்லாம் அவருடையது. ஒரு காலத்தில் பாதி நிலம் கள்ளிப்பொத்தைக்காரர்களுடையதாக இருந்தது. அது எப்படி இடம் மாறியது என்பதை எந்த நண்டும் அளந்து பார்த்ததில்லை. ஆம்பளைகளைச் சாவடியில் அடைத்து வைத்தால் கூலி கேட்டு வேறு ஊர் போகமாட்டார்கள் என்பதால், ரேகைச் சட்டத்தின்மேல் அவருக்கு அபாரமான பக்தி. வண்டியை விட்டு இறங்கியவர் கையிலிருந்து வெள்ளிப் பொடிடப்பி நழுவி விழுந்தது. பக்கத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த பலவேசம் எடுத்துக் கொடுக்கக் குனிந்தான். திருடன் எடுத்துவிடப் போகிறானே என்று பண்ணையார் அவனுக்கு முந்திக் குனிந்தார். டொக்.

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, மரியாதைக்குக் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, இன்னொரு முட்டு முட்டிரணும். இல்லேன்னா ஐயாவுக்குக் கொம்பு முளைச்சிரும்," என்றான்.

"சீ, தள்ளிப் போடா! ஒரு தடவை பட்ட தீட்டுக்கே நான் தலை முழுகணும், இன்னொரு தடவை வேற பட்டுக்கவா?"

"இல்லங்கய்யா, உங்க நல்லதுக்குத்தான். ஒரே ஒரு முட்டு."

பண்ணையார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்க்க நடந்தார். பலவேசம் தலையைக் குனிந்துகொண்டே பின்னால் ஓடினான். அவர் ஓட்டமெடுத்தார். ஓடுகிறவர் மேலும் துரத்துகிறவன் மேலும் ஊர் நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்க, பண்ணையார் குளத்தில் குதித்துவிட்டார். வெயிலுகந்தாள் வந்து புருஷன் கையைப் பிடித்து நிறுத்தி, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"கூப்பிட்டுக் கொடுத்தோம், வேண்டாம்னுட்டாரு," என்றாள். "விடும் மச்சான். நம்ம மேல தப்பில்ல."

மறுநாள் சப் கலெக்டர் துரை குதிரையில் வந்தார். இளவயசு. தமிழைப் பரீட்சைக்குப் படித்துப் பாஸ் செய்தவராகையால் அவர் வாயில் வந்த தமிழ் யார் வீட்டிலும் பேசாத தமிழாக இருந்தது. வேப்பமரத்தடியில் அவருக்கு வலப்பக்கம் டாக்டர். இடப்பக்கம் பண்ணையார், முன் ஒருபோதும் கட்டாத பெரிய தலைப்பாகையோடு, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு.

டாக்டர் பலவேசத்தின் தலையில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். நண்டைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு மற்ற தலைகள் எல்லாவற்றையும் தடவினார். கள்ளிப்பொத்தையில் ஒரு மேடு இல்லை.

"நண்டு கெட்டுப்போச்சோ என்னமோ," என்றாள் வெயிலுகந்தாள். "ஒரு நல்ல தலையை அளந்து பாத்தா தெரிஞ்சிரும்."

டாக்டருக்கு இது நியாயமாகப் பட்டது. துரை பண்ணையாரைப் பார்த்து, "ஐயன்மீர், தங்கள் திருமுடியை ஈந்தருள்க," என்றார். பண்ணையாருக்கு ஜலதோஷம் வந்தது, தலைவலி வந்தது, கோயில் விரதம் நினைவுக்கு வந்தது. துரை விடவில்லை. தலைப்பாகை அவிழ்ந்தது, அவிழ்ந்துகொண்டே இருந்தது, மேசையில் விழுந்து, மேசையிலிருந்து தரையில் வழிந்து, நாய் ஒன்று வந்து படுத்துக்கொள்ளும் அளவுக்குக் குவிந்தது. அப்புறம் டாக்டர் விரலை வைத்தார். பண்ணை வீட்டு நெய்யில் ஓர் இரவு வளர்ந்து, மேடு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது.

டாக்டரின் முகம் வெளுத்தது, யோசித்தது, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது. "இது நிர்வாக மேடு," என்றார். "சொத்துச் சேர்க்கவும் ஆட்களை ஆளவும் பிறந்தவர்களுக்கு மட்டும் அமைவது. மிகவும் அபூர்வம்."

துரை எழுந்து பண்ணையாரின் கையைக் குலுக்கினார். மேளம் அடித்தார்கள்.

மேளம் ஓய்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு வெயிலுகந்தாள் எழுந்தாள். "அதே பக்கம், அதே காது, அதே மேடு. எம் புருஷன் தலையில இருந்தப்ப திருட்டு மேடு. பண்ணையாரு தலையில இருந்தா நிர்வாக மேடா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் டாக்டரய்யா?"

பொய் பேசத் தெரியாத டாக்டர் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "வித்தியாசம் தலையில் இருக்கிறது," என்றார்.

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. சாஸ்திரம் என்று அதுவரை உலகத்தில் எழுதிய அத்தனை புத்தகத்தையும் பிழிந்தால் வருகிற ஒரு சொட்டு அது. பலவேசத்தின் மேடு ஒளிந்துகொண்டது என்றும், ஒளிந்துகொள்வதே திருட்டின் லட்சணம் என்றும் எழுதி, வெள்ளிக்கிழமை வண்டியில் அவனை மலைக்கு அனுப்புவதாகத் துரை கையெழுத்துப் போட்டார். பலவேசம் சிரித்தான், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

ஆனால் மறுமுட்டுப் போடாதவனுக்கு ஆகவேண்டியது ஆகத்தானே வேண்டும். பண்ணையாருக்கு முதலில் நெற்றிக்கு மேலே இரண்டு பக்கமும் அரித்தது; பிறகு பல் முளைக்கிற பிள்ளை மாதிரிக் குடைந்தது; பிறகு வாழைக்குருத்து மாதிரி இரண்டு நுனி எட்டிப் பார்த்தன. களிம்பு தடவினார். வளர்ந்தது. அரத்தை வைத்து ராவச் சொன்னார். ராவ ராவ வளர்ந்தது. அவருடைய மனைவி ஆவுடையாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "யாரையாவது முட்டிட்டு மறுமுட்டுப் போடாம வந்தீரா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அவர் கொம்பைத் தடவிக்கொண்டார். "சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே!" என்றாள்.

"உன் தலையைக் கொடு, முட்டிக்கிறேன்."

"என்னை முட்டி என்ன ஆகும்? முதல் முட்டு யாரோ, மறுமுட்டும் அவந்தான். போம், போய்க் கேளும்."

அப்போதுதான் பண்ணையாருக்கு உறைத்தது: வெள்ளிக்கிழமை வண்டியில் பலவேசம் மலைக்குப் போய்விட்டால், தன்னுடைய மறுமுட்டும் அவனோடு முள்வேலிக்குள் போய்விடும், கொம்பு வளர்ந்து சுருண்டு, தலைப்பாகைக்கு அடங்காமல், கடைசியில் நிலைப்படியில் மாட்டிக்கொள்ளும்.

கோபுரக் கலசம் மாதிரி உயர்ந்த தலைப்பாகையோடு அவருடைய வண்டி கள்ளிப்பொத்தைக்குள் வந்ததை ஜனங்கள் உலக்கையைக்கூட நிறுத்தாமல் பார்த்தார்கள். அவர் வெயிலுகந்தாள் வாசலில் நின்றார்.

"பலவேசம் இருக்கானா?"

"இருக்காரு."

"இருக்காராம்மா?"

"இருக்காரு. என்ன வேணும்?"

"ஒரே ஒரு முட்டு," என்றார் பண்ணையார், சத்தம் வராத குரலில்.

"தீட்டாச்சே?"

"அதையெல்லாம் இப்ப எதுக்குச் சொல்லிக்கிட்டு. வேணும்னா ரெண்டு கோட்டை நெல்லு..."

"நெல்லு உங்ககிட்டயே இருக்கட்டும். முட்டு உண்டு. ஆனா ஒளிச்சு மறைச்சு கிடையாது. நாளைக்கு, பட்டப் பகல்ல, வேப்பமரத்தடியில. துரையும் வரணும், டாக்டரும் வரணும். எழுதினது எந்த இடமோ அதே இடத்துல அழிக்கணும்."

வரவழைப்பது பண்ணையாருக்குப் பெரிய காரியமா? மறுநாள் வந்தார்கள். அதற்கு முன்னால் வெயிலுகந்தாள் புருஷன் காதில், "கன்னுக்குட்டி மடியை முட்டுற மாதிரி முட்டும், மச்சான். பாதி முட்டு. அதுக்கு மேல வேண்டாம்," என்று சொல்லி வைத்திருந்தாள். மூங்கில்குருத்து மாதிரி இரண்டு கொம்போடு பண்ணையார் குனிந்தார். துரை, "அந்தோ!" என்றார். பலவேசம் மெத்தென்று ஒரு பாதி முட்டு முட்டினான். ஒரு கொம்பு காம்பு கழன்ற கத்தரிக்காய் மாதிரிக் கீழே விழுந்தது. மேடு நடுவில் பிளந்து, ஒரு பாதி பலவேசத்திடம் வந்து, ஒரு பாதி பண்ணையாரிடம் நின்றது.

"டாக்டரய்யா," என்றாள் வெயிலுகந்தாள். "இப்ப ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. நீரு கண்ணைக் கட்டிக்கிட்டுத் தடவும். எது திருட்டு மேடு, எது நிர்வாக மேடுன்னு விரலே சொல்லட்டும். விரல் சரியாச் சொன்னா எம் புருஷனை நானே வண்டி ஏத்தி விடுறேன்."

மூக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பலவேசத்துக்குச் சிரிப்பு பொங்கியது. சத்தத்தில் ஆள் தெரிந்துவிடுமே என்று சங்கிலி அவன் வாயில் துண்டை அடைத்தான். டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டார். அவருடைய விரல்கள் ஒரு தலைக்குப் போயின. "நிர்வாகம்," என்றார். அது பலவேசம். அடுத்த தலைக்குப் போயின. "சந்தேகமே இல்லை, திருட்டு." அது பண்ணையார். பக்கம் மாற்றி உட்காரவைத்தார்கள். வேறு மாதிரி சொன்னார். மறுபடி மாற்றினார்கள், மறுபடி மாறியது. கடைசியில் ஜனங்கள் அந்தச் செங்கிடாவைக் கொண்டுவந்து நிறுத்த, அதன் நெற்றியை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "சட்டம் படித்தவர் யாரோ," என்றார்.

அதற்கப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. துரை சிரித்தார், போலீஸ்காரர்கள் சிரித்தார்கள், ஒற்றைக் கொம்போடு பண்ணையார்கூடத் தன்னை மறந்து சிரித்தார். டாக்டர் கட்டை அவிழ்த்து, தன் விரல்களைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார், பொய் பேசத் தெரியாதவர் என்று சொன்னேன் அல்லவா? "வீக்கம்," என்றார். "வெறும் வீக்கம். வேறொன்றும் இல்லை." மேசைமேல் நண்டை வைத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் வண்டியைப் பார்த்து நடந்தார். அந்த நண்டு அப்புறம் சங்கிலி வீட்டில், கொதிதண்ணீரிலிருந்து கோழியைத் தூக்கி எடுக்கப் பயன்பட்டது.

வீக்கத்துக்காக ஒருவனை மலைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லாததால் துரை கையெழுத்தை அடித்தார். ஆனால் ரேகைச் சட்டத்தை அடிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, அது மேலிடத்து விஷயம் என்றார். மேலிடம் என்பது மண்டையில் காதுக்குப் பின்னால் இருக்கிற இடம் அல்ல. அதைத் தடவிப் பார்க்க எந்த டாக்டரும் போனதில்லை.

"அந்த இன்னொரு கொம்பு?" என்று பண்ணையார் தலையை நீட்டினார்.

"எம் புருஷன் ஒருத்தருக்கு ஒரு கொம்பு சரியாப்போச்சு," என்றாள் வெயிலுகந்தாள். "மிச்ச ஜனம் பூரா இன்னிக்குச் சாயங்காலமும் ரேகை வைக்கப் போகுதே. ரேகை வைக்கிறது நிக்கட்டும், இந்தக் கொம்பும் விழும்."

அப்படித்தான் திருமலைக்கொழுந்து போராட்டத்துக்கு வந்தார். போராட்டம் ஒரு சத்திரம். சிலர் மனச்சாட்சிக்காக வருவார்கள், சிலர் பதவிக்காக வருவார்கள், அவர் கொம்புக்காக வந்தார். மனுப் போட்டார். மகாநாடு கூட்டினார். மேடையில் அவர் மாதிரி மேசையைக் குத்திப் பேசியவர் கிடையாது. பிறப்பினால் எவனும் திருடன் இல்லை என்று அவர் அச்சடித்த நோட்டீஸ் அந்தக் காலத்து நோட்டீசுகளிலேயே ஆவேசமானது. வெயிலுகந்தாள் அதிலும் உப்பு மடித்துக் கொடுத்தாள். சிறைக்குப் போனவர்கள், தடியடி பட்டுக் கை ஒடிந்தவர்கள், சாவடி வரிசையிலேயே கிழடாகிச் செத்தவர்கள் பேரையெல்லாம் ஊர் மறந்துவிட்டு, சட்டத்தை எடுக்கவைத்தவர் பண்ணையார்தான் என்று இன்றைக்கும் நல்லபெருமாள்புரத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். கொம்பு யாருக்கு இருந்தது என்று கள்ளிப்பொத்தைக்குத் தெரியும்.

வருஷங்கள் போயின. கொம்பு ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாம் சுற்றில் காதைத் தொட்ட சமயத்தில், பட்டணத்திலிருந்து உத்தரவு வந்தது. பண்ணையார் தலைப்பாகை இல்லாமல், செருப்பில்லாமல், அச்சடித்த காகிதத்தை ஆட்டிக்கொண்டு வரப்பு வழியாக ஓடிவந்தார். "எடுத்தாச்சு! சட்டத்தை எடுத்தாச்சு! பலவேசம், முட்டுப்பா!"

நரை விழுந்த பலவேசம் குனிந்தான். வெயிலுகந்தாள் இடையில் கையை நீட்டி மறித்தாள்.

"பொறும் மச்சான். படிச்சுட்டு."

காகிதத்தை வாங்கி, உப்புக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தெருவெல்லாம் கேட்கும்படியாக, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, ஒற்றெழுத்துக்குக்கூடக் குறை வைக்காமல், சர்க்கார் முத்திரையிலிருந்து அச்சகத்தின் பேர் வரைக்கும் அவள் படித்தாள். படித்து முடிகிற வரைக்கும் பண்ணையார் அவள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கள்ளிப்பொத்தை முழுவதும் சிரித்துக் கும்மாளம் போட்டது. சங்கிலி இரண்டு கோழியைத் தானாகவே அவிழ்த்து விட்டான். பலவேசத்துக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. எவ்வளவு முயன்று பார்த்தும் வரவில்லை. அப்படியே, சிரிக்காமல், குனிந்து, டொக்கென்று ஒரு முழு முட்டு முட்டினான்.